இருநூற்றேழாம் அறைக்கு நான்கு எல்லை

கவுண்டருக்கு முன்னால் நிற்கிற அந்த முதுகு என் புருஷனுடையது. நான்கு நாளாகத்தான் புருஷன் என்பதால் முகத்தையே இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை, முதுகை எங்கே படிக்க. வெள்ளைச் சட்டை. காலருக்கு மேலே கழுத்தில் மூட்டைப்பூச்சி கடித்த தடிப்பு மூன்று, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி ஒரே வரிசையில். போய்ச் சொறிந்துவிட வேண்டும் போல என் விரல் பரபரக்கிறது. நடு ரிசப்ஷனில் அதெல்லாம் முடியுமா. நான் சோபாவில் உட்கார்ந்து, இரண்டு பைகளையும் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்த மூன்று புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை மணி ஏழு பத்து. கன்னியாகுமரிக்கு வந்த கூட்டமெல்லாம் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் தெருவில் திரும்பிக்கொண்டிருக்கிறது. யாரோ சங்கு விற்கிறவர் ஊதி ஊதிக் காட்டுகிறார். நாங்கள் சூரியனைப் பார்க்கவில்லை, லாட்ஜுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் கேட்கிறார், அவர் எப்படிக் கேட்கிறார் என்று நான் பார்க்கிறேன். பணம் முக்கியம்தான். மூவாயிரத்து அறுநூறு, இரண்டு நாளைக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று இந்த நிமிஷத்தில் அந்த முதுகிலிருந்து வெளியே வரப்போகிறது. கத்துவாரா. சம்பளம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, குடி உண்டா என்று எல்லாம் கேட்டாயிற்று. அண்ணன் கதிரேசன் கோவில்பட்டி பஸ் டெப்போவுக்கே போய், டைம் கீப்பர் சங்கரலிங்கம் ஆள் எப்படி என்று கேட்டுவிட்டு வந்தான். ஓட்டல்காரரிடம் எப்படிப் பேசுவார் என்று மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அதை எந்த வாயால் கேட்பது. நாற்பத்தைந்து வயதில் வந்த வரனிடம் போய், சாம்பாரில் முடி கிடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றா கேட்பது.

அப்பா கத்துவார். சாத்தூரில் எங்கள் அப்பா சுப்பையாவைத் தெரியாத ஓட்டல் கிடையாது. எனக்கு ஒன்பது வயதில், மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில், சாம்பாரில் ஒரு முடி. நீளமான முடி, அது அம்மாவுடையதாகவே இருக்கலாம், அம்மாவே என் காதில் அப்படித்தான் சொன்னாள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் உட்கார்ந்து கத்தி நான் பார்த்ததில்லை, எழுந்து நின்று, ஒரு கையால் வேட்டியை ஏற்றிப் பிடித்துக்கொண்டுதான் கத்துவார். சர்வர் வந்தார், கல்லாக்காரர் வந்தார், உள்ளேயிருந்து மாவுக் கையோடு ஒருவர் வந்தார். என் வாயில் பாதிப் பூரி. மெல்லுவதா துப்புவதா தெரியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், எதிர் மேஜையில் என் வயதுப் பெண் ஒருத்தி கேசரியை அப்படியே கரண்டியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள், பூரி என் கன்னத்துக்குள் ஊறி ஊறிப் பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் கல்லாக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா ஜெயிக்காத சண்டை கிடையாது. ஆனால் எந்த ஓட்டலிலும் நாங்கள் கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டதும் கிடையாது. அம்மா போன பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. பதினோரு வருஷம் நான்தான் ஊட்டினேன். கஞ்சி ஆறியிருந்தால் கண்ணாலேயே கத்துவார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், பிற்பாடு அவருக்கும் வர ஆரம்பித்தது, அப்படிச் சிரித்துச் சிரித்தே ஒரு நாள் போய்ச் சேர்ந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. ஆனால் இன்றைக்கும் எந்தக் கடையிலாவது ஒரு ஆண்பிள்ளை குரலை உயர்த்தினால் என் கன்னத்துக்குள் பூரி வந்துவிடும். இப்போதும் வந்துவிட்டது. இன்னும் யாரும் குரலை உயர்த்தவேயில்லை, அதற்குள் வந்துவிட்டது.

முதுகு அசைகிறது. கை மேலே போகிறது. ஐயோ, அடிக்கப் போகிறார் மேஜையை. இல்லை, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார், டீக்கடையில் சாய்ந்து நிற்கிற மாதிரி. கவுண்டருக்குள் இருக்கிறவர் ஜஸ்டின், சட்டைப் பையில் பெயர் குத்தியிருக்கிறது, முப்பது வயது இருக்கும், கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. சங்கரலிங்கம் எங்கள் இருநூற்றேழாம் அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனதுக்குள் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் நினைக்கிறேன், அங்கே யார் வந்து கேட்கப் போகிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறார், பஸ் வராததற்குக் காரணம் சொல்கிற மாதிரி நிதானமாக. கடல் தெரிகிற அறை என்றீர்கள், பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது என்கிறார். உண்மை. ஏறிப் பார்த்தது நான்தான், அவர் வாளியைப் பிடித்துக்கொண்டார், அப்போதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கட்டிலுக்கு அடியில் முட்டை ஓடும், கடித்துப் போட்ட கோழி எலும்பும், ஏதோ குழந்தையின் ஒற்றை சாக்ஸும் கிடந்தபோதுகூட சாக்ஸைப் பார்த்துச் சிரித்தோம். தலையணையில் யாரோ ஒருவரின் தலைச்சாயம் வட்டமாக இறங்கியிருந்தது. அதைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் இன்னொருவரின் எண்ணெய். விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம் இருக்கும். எங்கள் கல்யாணம் நடந்து மூன்று நாளும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஆம்பிளைகளெல்லாம் மொட்டைமாடி, பொம்பளைகளெல்லாம் கூடம், தனியாக இருக்கிற முதல் ராத்திரியே அதுதான். என்னென்னவோ பேச்சு யோசித்து வைத்திருந்தேன். "ஏங்க, உங்களைக் கடிக்குதா?" என்பதுதான் நான் பேசிய முதல் பேச்சு. "அப்பவே கடிக்குது. சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்லல," என்றார். பிறகு விடிய விடிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். கீழே வந்து கேட்டதற்கு வேறு அறை இல்லை, மொத்த மாடியும் கல்யாண வீட்டார் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜஸ்டின் சுவரைக் காட்டுகிறார். சுவரில் போர்டு: ஒருமுறை செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. எக்காரணம் கொண்டும். தேதி இல்லை, கையெழுத்து இல்லை, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தது என்று இல்லை. சாத்தூர் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் ஆவுடையப்பன் சாரின் பத்திரக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள் நான். இந்த மாதிரி ஒரு வாசகத்தை யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இப்போது கத்துவார், போர்டைக் காட்டினால் யாருக்கும் கோபம் வரும். கண்ணை மூடிக்கொள்கிறேன். "சரி தம்பி," என்று கேட்கிறது. கண்ணைத் திறக்கிறேன். சரி தம்பி என்றா சொன்னார். "சரி தம்பி, முதலாளி வரட்டும். நீங்க எந்த ஊரு, எந்த பஸ்ல வருவீங்க?" ஜஸ்டின் அஞ்சுகிராமம் என்கிறார். அந்த ரூட்டில் போன மாசம் ஒரு வண்டியைக் குறைத்துவிட்டார்களே என்கிறார் இவர். ஆமா சார், கஷ்டமாத்தான் இருக்கு என்கிறார் அவர். இரண்டு பேரும் பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கன்னத்திலிருந்த பூரி கரைந்துபோகிறது, அந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்காருகிறது. இந்தப் பயத்தை நான் யோசித்தே வைக்கவில்லை. கத்துகிற ஆள் இல்லை, சரி. எதையுமே கேட்டு வாங்காத ஆளாக இருந்துவிட்டால்? நான் இவரை முதலில் பார்த்ததே அப்படித்தானே. அம்மா பெயரில் இருந்த வீட்டில் தன் பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத என் மேஜைக்கு வந்தார். முழுப் பங்குமா என்று கேட்டேன். சரிங்க என்றார். பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லையா, ஒரு ரூபாயாவது போடலாம் என்றேன். அதுவும் வேண்டாங்க, அவளுக்கு மூணு பிள்ளை என்றார். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு பிடித்தது. பத்திரத்தை டைப் அடித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் அந்தப் பெயரை மூன்று தடவை வாசித்தேன். தங்கைக்கு வீட்டை விட்டுக்கொடுத்தது அழகு. மூட்டைப்பூச்சிக்கு மூவாயிரத்து அறுநூறை விட்டுக்கொடுத்தால் அதற்கு என்ன பெயர். நாளைக்கு கேஸ்காரர் வருவார், பால்காரர் வருவார், வீட்டுக்காரர் வருவார், எல்லாருக்கும் சரி தம்பி, சரி தம்பி. நான் கத்துகிற வீட்டில் பிறந்து, விட்டுக்கொடுக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறேனா. இரண்டுக்கும் நடுவில் வீடே கட்டமாட்டார்களா.

வந்து பக்கத்தில் உட்காருகிறார். சோபா அவர் பக்கம் பள்ளமாகிறது, நான் லேசாகச் சரிகிறேன், சரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். முதலாளி எட்டரைக்கு வருவாராம். என்ன சொன்னாங்க என்று கேட்கிறேன், எனக்கே என் குரல் கொஞ்சம் புளித்திருக்கிறது. பாவம், நேத்து ராத்திரி எட்டு மணியிலிருந்து அவர் டூட்டியில் இருக்கிறார், மாற்றிவிட வேண்டியவர் இன்னும் வரவில்லையாம் என்கிறார். நான் கேட்டது அதையா. நான் முழங்கையைச் சொறிந்துகொள்கிறேன். அவருக்குப் புரிந்துவிட்டது போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ டெப்போ ரகசியத்தைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்: "டைம் ஆபீஸ் ஜன்னல்ல இருபத்தாறு வருஷமா என்னைத் திட்டாத ஆள் இல்ல. கத்துறவங்க ரெண்டு நிமிஷத்துல களைச்சுப் போயிருவாங்க. எதுவும் பேசாம பெஞ்சுல உட்கார்ந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருப்பாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் நாங்க பயப்படுவோம்." அதனால் நாம் இங்கே உட்காருவோம் என்கிறார். பைகளை நன்றாகத் தெரிகிற மாதிரி நடுவில் நகர்த்தி வைக்கிறார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கிறேன். முகம் சாதுவாகத்தான் இருக்கிறது. மீசைக்கு அடியில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது சிரிப்பா வேறு எதுவுமா, இன்னும் படிக்கத் தெரியவில்லை.

உட்கார்ந்திருக்கிறோம். மின்விசிறி சுற்றுகிறது, மேலே கல்யாண வீட்டுக்காரர்கள் வாளி வைக்கிற சத்தம், யாரோ யாரையோ பட்டுச் சட்டை எங்கே என்று கேட்கிற சத்தம். கடல்காற்று வாசல் வழியாக வந்து நாற்பது நாள் துவைக்காத அந்தத் திரையை ஆட்டிவிட்டுப் போகிறது. நாற்பது நாள் என்று எனக்கு எப்படித் தெரியும். தெரியாது. ஆனால் கேட்டால் ஐம்பது என்று சத்தியம் செய்வேன். எட்டு மணிக்கு ஒரு வேனில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்குகிறார்கள். அறை இன்று பத்து மணிக்குக் காலியாகும் என்று ஜஸ்டின் சொல்கிறார், எங்கள் அறையைத்தான் சொல்கிறாரோ. கூட்டத்தில் ஒரு அம்மா, ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு, நேராக என்னிடம் வந்து, ரூமெல்லாம் நல்லாருக்குங்களா என்று கேட்கிறார். ஜஸ்டின் என்னைப் பார்க்கிறார். சங்கரலிங்கம் எதிர்ச் சுவரைப் பார்க்கிறார். நான் கையில் கடித்த தடிப்புகளை முந்தானையால் மூடுகிறேன், ஏன் மூடுகிறேன், என் கையென்ன குற்றம் செய்தது, என்னவோ நானே அழுக்காகிவிட்ட மாதிரி ஒரு வெட்கம். அப்பா என்றால் இந்நேரம் எழுந்து நின்று வேட்டியைப் பிடித்திருப்பார். பொய் சொல்ல வரவில்லை, கத்தவும் வரவில்லை. மெதுவாக முந்தானையை எடுத்துவிட்டு, பார்த்துட்டு எடுத்துக்கோங்க அக்கா என்கிறேன். அந்த அம்மா என் கையைப் பார்க்கிறார். பிறகு சங்கரலிங்கத்தின் கழுத்தைப் பார்க்கிறார். போய்த் தன் வீட்டுக்காரர் காதில் ஏதோ சொல்கிறார். வேன் திரும்பிப் போய்விட்டது. ஜஸ்டின் போனை எடுக்கிறார். சங்கரலிங்கம் இன்னும் எதிர்ச் சுவரைத்தான் பார்க்கிறார், ஆனால் மீசைக்கு அடியில் இருப்பது சிரிப்புத்தான். இப்போது தெரிகிறது.

எட்டரைக்கு வரவேண்டிய முதலாளி எட்டு இருபதுக்கே வந்துவிட்டார். ஞானசிகாமணி என்று பெயர். அறுபது வயது, கடற்கரையில் நடந்துவிட்டு வந்த கேன்வாஸ் ஷூ, கக்கத்தில் பேப்பர். சிரித்துக்கொண்டேதான் பேசுகிறார், அதுதான் சிரமம். அவர் கத்தியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும், பூரியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சங்கரலிங்கம் எழுந்து போய் முதலில் சொன்னதையே அதே நிதானத்தோடு முதலிலிருந்து சொல்கிறார். முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்க லாட்ஜ்ல மூட்டைப்பூச்சி கிடையாதும்மா. வாறவங்க பையில வாறதுதான்," என்கிறார். பையில். என் பையில். கல்யாணத்துக்கென்று அண்ணி வாங்கிக் கொடுத்த புதுப் பை, ஜிப்பில் தொங்குகிற விலைச்சீட்டைக்கூட நான் இன்னும் கிழிக்கவில்லை. எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறுகிறது. இது எங்கேயிருந்து ஏறுகிறது என்று எனக்குத் தெரியும், இது சுப்பையாவிடமிருந்து ஏறுகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்து நின்றுவிட்டேன் என்பதே நின்ற பிறகுதான் தெரிகிறது. வேண்டாம் தமயந்தி, உட்கார். முதலாளி அதற்குள் கையை விரித்து, சரி, உங்க மனசுக்குக் குறை வேண்டாம், எல்லாத்தையும் எழுத்துமூலமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஆடிட்டரைக் கேட்டுப் பதினைந்து நாளில் சொல்கிறோம் என்கிறார். எழுத்துமூலமா எழுது என்றால் எல்லாரும் போய்விடுவார்கள், அவருடைய அனுபவம் அது. நானும் பார்த்திருக்கிறேன், தாலுகா ஆபீஸில் அப்படிச் சொல்லித்தான் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சங்கரலிங்கம் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். "எழுதித் தருவாங்க," என்கிறார். "ஜஸ்டின் தம்பி, ரெண்டு வெள்ளைப் பேப்பர் குடுங்க."

பேனா கைக்கு வந்ததும் உள்ளங்காலில் ஏறியது எங்கே போனதென்று தெரியவில்லை. ஓரத்தில் மார்ஜின் விட்டு மடிக்கிறேன். விரல் தானாகப் போகிறது. ஆவணி மாதம் இருபதாம் தேதி, கோவில்பட்டி தாலுகா, புதுத்தெரு, கதவு எண் பதினான்கில் வசிக்கும், சுப்பையா மகள். நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகச் சாட்சிக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எழுதிய எழுத்து, பேனா அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. அந்த இரண்டு சொல்லையும் பார்க்கிறேன். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே அந்த 'சு' நிற்கிறது. அடிக்க மனசு வரவில்லை, அடிக்காமலும் இருக்க முடியாது. ஒரே கோடு, கீழே உள்ள எழுத்து தெரிகிற மாதிரி, பத்திரத்தில் அடித்தால் அப்படித்தான் அடிக்க வேண்டும். மேலே எழுதுகிறேன், சங்கரலிங்கம் மனைவி. முதல் தடவை எழுதுகிறேன். கல்யாண ரிஜிஸ்தரில்கூட அண்ணன்தான் நிரப்பினான். 'மனைவி'யின் 'வி' கொஞ்சம் கோணிக்கொண்டது. அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், நான் போட்டுவிட்டு, நீங்களும் போடுங்க என்கிறேன். அவர் குனிந்து, அடித்ததையும் எழுதியதையும் பார்த்து, பேனாவை வாங்கி மெதுவாகப் போடுகிறார். அவர் சட்டையில் ராத்திரி தடவிக்கொண்ட தைல வாசனை. பிறகு நான் எழுதுகிறேன், எழுதுகிறேன், பின்பக்கமும் எழுதுகிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு பத்திரம் எழுதியதேயில்லை.

நீட்டியபோது முதலாளி, கண்ணாடி கொண்டு வரல, நீங்களே வாசிங்க என்கிறார். அது அவர் செய்த தப்பு. பத்திரம் எழுதுகிறவர்கள் வாசிக்கிற வாசிப்பு ஒன்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், காது மந்தமானவருக்கும், வாசலில் நிற்கிற பங்காளிக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்க வேண்டும், நாளைக்கு எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. எனக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது. வாசித்தேன். "ஆகிய நான் எழுதிக் கொடுத்த புகார் என்னவென்றால், தபசில் விவரத்தில் கண்ட கட்டிலானது, வடக்கே வெற்றிலை எச்சில் கறை படிந்த சுவருக்கும், தெற்கே கதவு சாத்த வராத பாத்ரூமுக்கும், கிழக்கே கோழி எலும்பும் முட்டை ஓடும் கிடக்கும் மூலைக்கும், மேற்கே திறக்க முடியாத ஜன்னலுக்கும், இந்த நான்கெல்லைக்குள் கட்டுப்பட்டது. மேற்படி கட்டிலில் கிழமேல் ஆறரை அடி, தென்வடல் ஐந்து அடி உள்ள மெத்தையில், மூட்டைப்பூச்சிகள் எங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே வேறு யாருடைய ஆட்சேபணையும் இல்லாமல் வம்ச பரம்பரையாகக் குடியிருந்து அனுபவித்து வருவது, மெத்தைத் தையல் நெடுகிலும் காணும் கறுப்புப் புள்ளிகளாலும் முட்டைகளாலும் விளங்கும். ஒரே ராத்திரி தங்கிய எங்களாலோ, எங்கள் பையாலோ மேற்படி வம்சம் உண்டாக வழியில்லை." யாரோ சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படி நிறைய ஆட்கள், பட்டு வேட்டி, பட்டுப்புடவை, பாதி ஜடை பின்னின ஒரு பெண். கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பூச்சி இடத்தை இன்னொருக்கா வாசிங்கம்மா," என்றார். வாசித்தேன். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தங்கள் மெத்தைத் தையலைப் பார்க்க மேலே ஓடினார்கள். நான் விட்ட இடத்திலிருந்து, செலுத்திய தொகை ரூபாய் மூவாயிரத்து அறுநூறு மட்டும் என்பது வரைக்கும் வாசித்து, சாட்சி சங்கரலிங்கம் என்று முடித்தேன்.

முதலாளி மாடிப்படியைப் பார்த்தார். பிறகு, நீங்க என்ன வேலை பாக்குறீங்க என்று கேட்டார். சொன்னேன். அதான் என்றார். ஒரு நாள் வாடகையைத் தருகிறேன் என்று ஆரம்பித்தார், மெத்தையைப் பார்க்க ஓடியவர்களில் யாரோ மேலேயிருந்து ஜஸ்டின் என்று கூப்பிட்டார்கள், அந்தக் குரலைக் கேட்டதும் முழுசாகவே எண்ணிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். எண்ணிக் கொடுத்தது ஜஸ்டின்தான். கொடுக்கும்போது மெதுவாக, மெத்தையை மாத்தணும்னு மூணு மாசமா சொல்லிட்டு இருந்தேன்க்கா, இனிமே மாத்துவாரு என்றார். காகிதத்தை முதலாளி கேட்டார். கீழே பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதை அவர் கிழிக்கவில்லை, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், வீட்டில் காட்டுவார் என்று நினைக்கிறேன்.

தெருவில் வெயில் ஏறிவிட்டது. சங்கு, பாசிமணி, கலர் மணல் பொட்டலம், எல்லாம் வரிசையாக. அவர் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நடக்கிறார், நான் வெறும் கையோடு பக்கத்தில் நடக்கிறேன். அத்தனை பேர் பார்த்தார்கள். எதிர் மேஜைப் பெண் கேசரியோடு பார்த்த மாதிரி பாதி ஜடைக்காரி பார்த்தாள். என் குரல் எவ்வளவு தூரம் போனது, நான் எழுந்து நின்றேனே, ஒரு கையால் புடவையை ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேனா. பிடித்துக்கொண்டிருந்த மாதிரித்தான் இருக்கிறது. கேட்டுவிடுவது நல்லது. "நான் கத்தினேனா?"

அவர் நின்று, பைகளைக் கீழே வைத்து, யோசித்தார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"கத்தல. வாசிச்சீங்க," என்றார். பிறகு, "சத்தமா வாசிச்சீங்க. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு இருந்துச்சு."

பசிக்குது என்றேன். பக்கத்திலேயே ஒரு சின்னக் கிளப்புக் கடையில் ஆளுக்கு நான்கு இட்லி, ஒரு வடை. சட்னியில் கொஞ்சம் உப்புக் கூடுதல். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இலையை மூடுகிற வரைக்கும் சாப்பிட்டோம். அப்புறம் பின் தெருவில் ஒரு லாட்ஜ். இந்தத் தடவை பணத்தை எடுக்கும் முன்னால் நான் மேலே போனேன். மெத்தையைத் தூக்கித் தையலை விரலால் தடவினேன், தலையணையை முகர்ந்தேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், பாத்ரூம் குழாயைத் திறந்து மூடினேன். அறையைக் காட்ட வந்த அம்மா, எந்த ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டாராம், வீட்டுலேருந்துதான் என்றாராம். விரிப்பில் சோப்பு வாசனை, வெயிலில் உலர்ந்த மொடமொடப்பு. கடல் சுத்தமாகத் தெரியவில்லை. எடுத்துக்கலாம் என்றேன். விவேகானந்தர் பாறைக்குப் படகு பத்தரைக்கு இருக்கிறது, பத்து நிமிஷம் படுத்துவிட்டுப் போகலாம் என்றார். படுத்தோம். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே அவர் சுவர்ப்பக்கம் போனார், சரி என்று நான் சொல்லி முடிக்கும் முன் தூங்கிப்போனார். கழுத்தில் அந்த மூன்று புள்ளி, இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில். ஒரு விரலால் மெதுவாகச் சொறிந்துவிட்டேன். தூக்கத்திலேயே கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். மின்விசிறி, வெளியே தேங்காய் உடைக்கிற சத்தம், யாரோ ஒரு குழந்தை எண்ணிக்கொண்டு படியேறுகிறது, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்றை விட்டுவிட்டு பதினான்கு.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் மாலை வெயில். மணி நாலே கால். படகெல்லாம் போய்விட்டது. அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன என்று கேட்டேன்.

"நீங்க நல்லாக் குறட்டை விடுறீங்க," என்றார். "ரெண்டு தடவை முழிச்சுட்டேன்."

நானா என்றேன். நீங்கதான் என்றார். இருக்காது என்றேன். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இருந்தது, அப்புறம் மேட்டில் வண்டி ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது என்று கையால் ஏற்றிக் காட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து வயசாகிறது. இதை எனக்குச் சொல்ல இதுவரைக்கும் ஒரு ஆள் இருந்ததில்லை.